டெட்ராய்ட் பக்கம் இருந்துகொண்டு ஜப்பான் கார் வாங்கினால் குற்றமா?

பனிக்குப் புதுசு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடம் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டுப் போன டிசம்பரில் மிச்சிகன் வந்தோம். வீடு அமெரிக்கக் கார்த் தொழிலின் தாய் ஊரான டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில், நோவையில். எனக்கு வேலை மென்பொருளில், கார்த் தொழிலுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இங்கே வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் என் காரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நியூ ஜெர்சியில் நாலு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். முதல் பெரிய பனி விழுந்த அன்று காலை ஆறரைக்கே மெஷினோடு வந்து தன் வாசலோடு எங்கள் வாசலையும் தள்ளிக் கொடுத்தார். ஓடிப் போய் நன்றி சொன்னேன். எங்கள் பழைய டொயோட்டா கரோலாவைப் பார்த்தார், 2009 மாடல். "அடுத்ததாவது நம் ஆட்கள் செய்ததாக வாங்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

இந்த வசந்தத்தில் வேறு கார் வாங்க வேண்டும். மனைவிக்கு டொயோட்டா கேம்ரி மேல் ஒரு கண். அலுவலகத்தில் பேச்செடுத்தால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஒருவர் யூனியன்தான் கெடுத்தது என்கிறார். இன்னொருவர் ஜப்பான்காரன் தன் ஊர்க் கதவைச் சாத்திவிட்டு இங்கே வந்து விற்றான் என்கிறார். மூன்றாமவர், டெட்ராய்ட் கார்கள் குப்பையாக இருந்தன, அவ்வளவுதான் கதை என்கிறார்.

எனக்கு உண்மையாகவே புரியவில்லை. ரோடு இவர்களுடையது, பெட்ரோல் இவர்களுடையது, அரசாங்கம் இவர்களுடையது. கப்பலில் வந்தவனிடம் சொந்த ஊரில் எப்படித் தோற்றார்கள்? கார் பற்றிய யோசனையும் சொல்லலாம், இதற்குப் பதிலும் சொல்லலாம்.

நாலு சக்கரம் எழுதியது:

கேள்வியிலேயே கோளாறு. கேம்ரி 1988-லிருந்து கென்டக்கி மாநிலம் ஜார்ஜ்டவுனில் தயாராகிறது. ஷெவ்ரலே டிராக்ஸ் தென் கொரியாவிலிருந்து கப்பலில் வருகிறது. ஃபோர்டு மேவரிக் மெக்சிகோ. பியூக் என்விஷன் சீனா. இதில் எது "நம் ஆட்கள் செய்தது"?

காரின் முன் கண்ணாடி ஓரத்தில் வின் எண் இருக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள அடையாள எண். அதன் முதல் எழுத்தைப் பாருங்கள். 1, 4, 5 என்றால் அமெரிக்காவில் செய்தது. 2 கனடா, 3 மெக்சிகோ. ஜே என்றால் ஜப்பான், கே என்றால் கொரியா. பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள், நம்பரைப் பாருங்கள்.

பழைய பிரஸ் ஆள் எழுதியது:

தம்பி, நான் 1987-ல் டெட்ராய்ட்டுக்குப் படிக்க வந்தவன். அப்புறம் 31 வருடம் இங்கே பாகம் செய்யும் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். கார் செய்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கதவுக் கீல், சீட்டுக்கு அடியில் இருக்கும் பிராக்கெட், பேட்டரி உட்காரும் தட்டு, இதையெல்லாம் தகட்டிலிருந்து பிரஸ் மெஷினில் அடித்தெடுத்து அனுப்புவோம். பெரிய வீடுகளின் கொல்லை வாசலில் நின்று சாமான் கொடுத்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நடக்கும் சண்டை கொல்லையில் நிற்பவனுக்கு நன்றாகவே கேட்கும்.

உங்கள் ஆபீஸில் சொன்ன மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நிஜம் இருக்கிறது. நான் நாலாவதாக ஒன்று சொல்கிறேன். கோழி.

சிரிக்காதீர்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது. மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகள் அதன் மேல் வரியை ஏற்றின. பேசிப் பார்த்தும் நடக்கவில்லை. பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சின்ன டிரக் ஆகியவற்றின் மேல் வரி போட்டார். டிரக்குக்கு 25 சதவீதம். 1964-ல் அமலுக்கு வந்தது. மற்றவற்றின் மேல் இருந்த வரி காலப்போக்கில் போய்விட்டது. டிரக் வரி மட்டும் அறுபது வருடம் தாண்டியும் அப்படியே நிற்கிறது. இன்றும் இங்கே அதற்குக் "கோழி வரி" என்றுதான் பேர். சாதாரணக் காருக்கு வரி படிப்படியாக இறங்கி, 2025-ல் ஏற்றும் வரை 2.5 சதவீதம்தான் இருந்தது.

இப்போது நீங்கள் டெட்ராய்ட்டில் ஒரு கம்பெனியின் கணக்கு அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிக்கப் டிரக்குக்கு வெளியாள் போட்டி கிடையாது, லாபம் கொழுக்கிறது. சின்னக் காரில் போட்டி அதிகம், லாபம் எலும்பு. உங்கள் நல்ல இன்ஜினியரை எதில் போடுவீர்கள்? சின்னக் காரை இடது கையால் செய்தார்கள். 1970-ல் வந்த ஷெவ்ரலே வேகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை குறைய வேண்டும் என்று அலுமினிய இன்ஜின் பிளாக், சிலிண்டருக்குள் இரும்பு உறை கிடையாது. சூடேறினால் எண்ணெய் குடிக்கும். முன் சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடு சில வருடத்தில் துருப்பிடித்து ஓட்டை. ஆனால் யோசனை மோசமானது என்று சொல்ல மாட்டேன். வேறு ஒருவன் பொறுமையாகச் செய்திருந்தால் நல்ல கார் வந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து 1973-ல் எண்ணெய் நெருக்கடி. 1979-ல் ஈரானை ஒட்டி இன்னொன்று. பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றவனுக்கு அப்போதுதான் ஹோண்டா சிவிக் கண்ணில் பட்டது. 1975-ல் சிவிக்கில் வந்த சிவிசிசி இன்ஜின், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை, புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி இல்லாமலே தாண்டியது. அந்தச் சட்டத்தை அவ்வளவு சீக்கிரம் தாண்டவே முடியாது என்று டெட்ராய்ட் வாஷிங்டனில் மன்றாடிக்கொண்டிருந்த காலம் அது.

என் சொந்தக் கதை ஒன்று. மாணவனாக இருந்தபோது ஏழு வருடப் பழைய உள்நாட்டு ஸ்டேஷன் வேகன் ஒன்றை 900 டாலருக்கு வாங்கினேன். ஜனவரி மாதம், இரவு பத்து மணி, லாட்ஜ் ஹைவேயில் டிரான்ஸ்மிஷன் கையை விரித்துவிட்டது. இழுத்துப் போன ஆள் ஓடோமீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்கு இதுதான் ஆயுசு" என்றான். அவனும் ஒரு கார்த் தொழிலாளியின் மகன்தான். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். என் தெருவில் பாதிப் பேர் இன்றும் அவர்கள் பென்ஷனில் சாப்பிடுகிறார்கள்.

சரி, கோழி வரி முதல் வேலி. இரண்டாவது வேலிக்கு வருகிறேன். 1981-ல் ரேகன் அரசு நெருக்க, வருடத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் காருக்கு மேல் அனுப்ப மாட்டோம் என்று ஜப்பான் "தானாக முன்வந்து" ஒப்புக்கொண்டது. டெட்ராய்ட் மூச்சு விட்டுத் தன்னைச் சரி செய்துகொள்ளட்டும் என்பது எண்ணம். என்ன நடந்தது? எண்ணிக்கைக்குத்தானே கட்டுப்பாடு, அனுப்புகிற ஒவ்வொரு காரையும் விலை கூடியதாக அனுப்பலாம் என்று ஜப்பான்காரர்கள் கணக்குப் போட்டார்கள். இவர்களின் ஆடம்பரக் கார்ப் பெயர்கள் அப்படி வந்தவைதான்: ஹோண்டாவின் அக்யூரா 1986-ல், டொயோட்டாவின் லெக்சஸும் நிசானின் இன்ஃபினிட்டியும் 1989-ல். இன்னொரு பக்கம், வேலிக்கு உள்ளேயே வந்து குடிசை போட்டார்கள். ஹோண்டா 1982-ல் ஒஹையோ மேரிஸ்வில்லில் அக்கார்ட் செய்ய ஆரம்பித்தது. நிசான் 1983-ல் டென்னசி ஸ்மர்னாவில்.

டெட்ராய்ட்டும் விலையை ஏற்றிக்கொண்டது. சரக்கு குறைவாக இருக்கும்போது யார்தான் ஏற்ற மாட்டார்கள்? வந்த லாபத்தில் ஷெவ்ரலேவின் தாய்க் கம்பெனியான ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) 1984-ல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியை வாங்கியது, அடுத்த வருடம் ஹியூஸ் விமானக் கம்பெனியை வாங்கியது, ஆலைகளில் ரோபோக்களை இறக்கியது. சின்னக் கார் இருந்த இடத்தில் இருந்தது.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஃப்ரீமாண்ட். கலிபோர்னியாவில் ஜிஎம்முக்கு அந்த ஊரில் ஓர் ஆலை இருந்தது. சண்டை, வேலைநிறுத்தம், திங்கட்கிழமை ஆளே வராத லைன் என்று பெயரெடுத்த இடம். 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டாகத் திறந்தார்கள். நம்மி என்று பேர். (நம் வீட்டுப் பெண்ணுக்கு வைத்த செல்லப்பேர் மாதிரி இருக்கும்.) வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே பழைய ஆட்களை. கார்த் தொழிலாளர்களின் அதே யுஏடபிள்யூ யூனியன். மேலாண்மை மட்டும் டொயோட்டா. தப்பு கண்ணில் பட்டால் லைனில் நிற்பவன் கயிறை இழுத்து மொத்த லைனையும் நிறுத்தலாம். பழைய நாளில் லைனை நிறுத்தினால் வேலை போகும். கொஞ்ச நாளில் அந்த ஆலையின் கார்கள் ஜப்பானில் செய்ததற்குச் சமமாக நின்றன. யூனியன்தான் கெடுத்தது என்று சொல்லும் உங்கள் நண்பரிடம் ஃப்ரீமாண்ட் பற்றிக் கேளுங்கள், என்ன சொல்கிறார் பார்ப்போம்.

இவ்வளவும் ஜிஎம் கண்ணெதிரே நடந்தது. பாதி ஆலை அவர்களுடையது. பாடம் படிக்க ஆள் அனுப்பினார்கள், திரும்பி வந்த ஆட்களை ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். கயிறை டெட்ராய்ட்டிலும் கட்டலாம், கட்டினார்கள். இழுத்தவனை யாரும் திட்டக் கூடாது என்பதைக் கொண்டுவருவதற்குப் பல வருடம் போனது.

எங்கள் கடையில் நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும். 1996 என்று நினைவு, ஒரு ஜப்பானியக் கம்பெனியின் அமெரிக்க ஆலைக்குக் கீல் செய்யும் ஆர்டர் கிடைத்தது. முதல் லாட்டிலேயே நாற்பது கீல் திரும்பி வந்தது. மறு வாரம் அவர்கள் இன்ஜினியர் ஒருவர் வந்தார். காபி, டோனட், பிரசென்டேஷன் எல்லாம் தயார். அவர் கான்ஃபரன்ஸ் ரூமுக்கே வரவில்லை. குப்பைத் தொட்டி எங்கே என்று கேட்டார். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்கிராப் தொட்டியைக் கவிழ்த்து, கழித்த பாகங்களைத் தரையில் மணி வாரியாக அடுக்கினார். முழங்கால் போட்டு, சட்டை அழுக்காக, ஒன்றரை மணி நேரம். அடுக்கி முடித்ததும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தகட்டுச் சுருளை (காயில்) மாற்றிய அரை மணிக்குள்தான் கழிவு அத்தனையும். எட்டு வருடமாக அந்தத் தொட்டியைத் தினமும் கடந்து போனவன் நான். கவிழ்க்கத் தோன்றவில்லை. அவர் மூன்று வாரம் தங்கிவிட்டுப் போனார். பிரஸ்ஸில் அச்சை (டை) மாற்ற நாலு மணி நேரம் ஆனது, அடுத்த வருடம் அரை மணிக்குள் வந்தது. மிச்சமானதில் பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு என்றார்கள்.

அதே காலத்தில் எங்கள் டெட்ராய்ட் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வருடாவருடம் ஒரு ஃபாக்ஸ் வரும். ஜனவரி 1 முதல் விலையில் 5 சதவீதம் குறைக்கவும். எப்படிக் குறைப்பது என்று வந்து பார்க்க ஆள் கிடையாது. நாங்கள் என்ன செய்தோம்? முலாமை மெலிதாக்கினோம். மூன்றாம் குளிர்காலம், ரோட்டு உப்பு பட்டு, கதவு கிறீச்சிட்டது. வாங்கியவன் கம்பெனியைத் திட்டினான், கம்பெனி எங்களைத் திட்டியது, அடுத்த ஜனவரியில் மறுபடி 5 சதவீதம். என் கம்பெனி 2009-ல் திவாலானது. அந்தக் கிறீச்சிட்ட கதவில் என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை.

இவர்களுக்குக் கார் செய்யத் தெரியாது என்று மட்டும் யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். ஃபோர்டு 1981-ல் டெமிங்கைக் கூப்பிட்டது. ஜப்பானுக்குத் தரக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்த அமெரிக்கர், அதுவரை அமெரிக்காவில் அவரை அதிகம் பேர் சீந்தவில்லை. பிறகு வந்தது டாரஸ், 1986 மாடல். அழகான கார். 1992 முதல் 1996 வரை ஐந்து வருடம் இந்த நாட்டில் அதிகம் விற்ற கார் அதுதான், ஹோண்டா அக்கார்டைத் தள்ளிவிட்டு மேலே ஏறியது. ஜெயித்தவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? 1990-ல் எக்ஸ்ப்ளோரர் வந்திருந்தது. டிரக்கின் அடிச்சட்டகத்தின் (சேஸி) மேல் குடும்பக் காரின் உடம்பு. எரிபொருள் விதியும் அந்த வகைக்குத் தளர்வு. பெரிய எஸ்யூவி ஒன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் லாபம் என்று இங்கே டீக்கடைப் பேச்சு மாதிரிப் பேசுவார்கள். பணமும் மூளையும் அங்கே போயின. டாரஸ் வாடகைக் கார் கம்பெனிகளின் வண்டியாகச் சுருங்கியது. 1997-ல் முதலிடம் கேம்ரிக்குப் போனது. உங்கள் மனைவி கண் வைத்திருக்கும் அதே கேம்ரி.

2008-ல் பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டியபோது கையில் டிரக்கைத் தவிர ஒன்றும் இல்லை. நவம்பரில் ஜிஎம், ஃபோர்டு, கிரைஸ்லர் தலைவர்கள் மூவரும் ஆளுக்கொரு தனி விமானத்தில் வாஷிங்டன் போய்க் கடன் கேட்டதை நாங்கள் டிவியில் பார்த்தோம். கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30-லும் ஜிஎம் ஜூன் 1-லும் திவால் மனு போட்டன. ஃபோர்டு தப்பித்ததற்குக் காரணம், 2006-லேயே புதுத் தலைவர் முலாலி வந்த கையோடு ஆலைகளையும், அந்த நீல வட்ட முத்திரையையும்கூட அடகு வைத்துச் சுமார் 23.5 பில்லியன் டாலர் கடன் வாங்கியிருந்தது.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதுதான். நீளமாகிவிட்டது, மன்னிக்கவும். ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான்.

டியர்பார்ன் கணக்கு எழுதியது:

சார், ஸ்கிராப் தொட்டிக் கதையை என் டீமுக்குச் சொல்லப் போகிறேன். ஆனால் நீங்கள் தொடாமல் விட்ட கணக்கு ஒன்று உண்டு. நான் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கிற ஆள், அதனால் என் கண் அங்கேதான் போகும்.

இரண்டு ஆலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று 1930-களிலிருந்து ஓடுகிறது. இன்னொன்று 1983-ல் டென்னசியில் திறந்தது. இரண்டாவதில் எல்லோருக்கும் வயது இருபத்தைந்து. ஓய்வு பெற்றவர் ஒருவர்கூடக் கிடையாது. முதல் ஆலையில் வேலை செய்கிறவர்களைவிட ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் மனைவிமாரும் பல மடங்கு. அத்தனை பேருக்கும் பென்ஷனும் ஆஸ்பத்திரிச் செலவும் கம்பெனி தலையில். 2000-களின் நடுவில் ஜிஎம் செய்யும் ஒவ்வொரு வண்டியிலும் சுமார் 1,500 டாலர் மருத்துவச் செலவு மட்டுமே ஏறியது. இரும்புக்குக் கொடுப்பதைவிட அதிகம் என்று அவர்களே சொல்வார்கள். அதே 1,500-ஐ கேம்ரி செய்கிறவன் சீட்டுத் துணியிலும் கதவு ரப்பரிலும் போடலாம்.

உடனே "பார்த்தீர்களா, யூனியன்" என்று குதிக்க வேண்டாம். 1950-ல் யுஏடபிள்யூ தலைவர் வால்டர் ராய்தர் ஜிஎம்மோடு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார், டெட்ராய்ட் உடன்படிக்கை என்பார்கள். ராய்தர் கேட்டுக்கொண்டிருந்தது நாட்டில் எல்லோருக்கும் அரசாங்கமே மருத்துவமும் ஓய்வூதியமும் தர வேண்டும் என்பதுதான். முதலாளிகளுக்கு அது சோஷலிச வாடை அடித்தது. நம் ஆளுக்கு நாமே கொடுத்துவிடலாம் என்றார்கள். அன்று சந்தை முழுக்க அவர்கள் கையில், விற்ற இரண்டு காரில் கிட்டத்தட்ட ஒன்று ஜிஎம் கார். கொடுக்க முடிந்தது. ஜப்பானில் அந்தச் செலவை நாடு சுமந்தது.

2007-ல் ஓய்வு பெற்றவர்களின் மருத்துவத்தைத் தனி அறக்கட்டளைக்கு மாற்றினார்கள். கூடவே புதிதாகச் சேருகிறவனுக்குப் பாதிக் கூலி என்று இரண்டு அடுக்கு கொண்டுவந்தார்கள். ஒரே லைன், ஒரே ஸ்பேனர், பக்கத்தில் நிற்பவன் இரண்டு மடங்கு வாங்குவான். 2023-ல் ஆறு வாரம் வேலைநிறுத்தம் நடந்ததற்கு அந்த அடுக்கும் ஒரு முக்கியக் காரணம். ஆக, சார் சொன்ன கோழியோடு கூடவே ஒரு மருந்துச் சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பிரஸ் ஆள் எழுதியது:

சேர்த்துக்கொள்கிறேன் அம்மா. கொல்லை வாசலில் அந்தக் கணக்கு கண்ணில் படாது.

பனிக்குப் புதுசு எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நன்றி சார், நன்றி மேடம். இரண்டு சந்தேகம்.

ஒன்று, அந்தப் பாதிச் சிரிப்பு. நாம் பார்க்க வேற்றாள்தான். ஜப்பான் காரில் போனால் இங்கே உண்மையிலேயே பிரச்சினை வருமா?

இரண்டு, இப்போது சீன மின்சாரக் காருக்கு 100 சதவீத வரி, 2025-லிருந்து மற்ற வெளிநாட்டுக் காருக்கும் வரி ஏறிவிட்டது. இந்தத் தடவையாவது வேலி வேலை செய்யுமா?

பழைய பிரஸ் ஆள் எழுதியது:

முதல் கேள்விக்கு: இன்று வராது. நான் வந்த புதிதில் நிலைமை வேறு. யூனியன் ஹால் வாசலில் வெளிநாட்டுக் கார் நிறுத்தாதே என்று பலகை இருக்கும். காசு வாங்கிக்கொண்டு டொயோட்டாவைச் சம்மட்டியால் அடிக்க விட்ட திருவிழாக்கள் உண்டு. சீனியர் மாணவர்கள் எங்களை உட்கார வைத்து, எந்த மதுக்கடைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். காரணம் இருந்தது. 1982-ல் ஹைலண்ட் பார்க்கில் சீன வம்சாவளி இளைஞர் ஒருவரைக் கார் ஆலை மேற்பார்வையாளர் ஒருவரும் வேலை இழந்திருந்த, அவர் மனைவியின் மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். உங்களால்தான் எங்களுக்கு வேலை போகிறது என்று சொன்னதாகச் சாட்சி. அவர் ஜப்பானியரே இல்லை. நீதிமன்றம் கொடுத்த தண்டனை நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். சிறை கிடையாது. அந்த ஹைலண்ட் பார்க்கில்தான் 1913-ல் ஃபோர்டு முதல் நகரும் லைனை ஓட்டினார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வரும்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. பனி தள்ளிக் கொடுத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த எத்தனை ஆலை மூடியது, எத்தனை பேர் வீடு போனது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். கேட்க ஆள் இருந்தால் சொல்வார்.

இரண்டாவதற்கு: ஜோசியம் எனக்கு வராது. பார்ப்பதைச் சொல்கிறேன். 2018-ல் ஃபோர்டு இங்கே செடானையே விட்டுவிடப் போவதாக அறிவித்தது. ஷெவ்ரலே மாலிபு 2024 நவம்பரோடு நின்றது. இன்று இந்த இரண்டு கடையிலும் ஒரு சாதாரண நாலு கதவு செடான்கூடக் கிடையாது. புதுக் காரின் சராசரி விலை ஐம்பதாயிரம் டாலரைத் தொட்டுவிட்டது. இருபத்தைந்தாயிரத்தை வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்குக் காட்ட இவர்களிடம் அநேகமாக ஒன்றும் இல்லை, அந்தக் கொரிய டிராக்ஸைத் தவிர. வேலிக்கு அந்தப் பக்கம் சீனாக்காரன் அந்த விலைக்குள் மின்சாரக் கார் செய்கிறான். ஃபோர்டு தலைவர் ஃபார்லியே சீனாவின் ஷாவ்மி மின்சாரக் கார் ஒன்றை வரவழைத்து மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்க மனமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1975-ல் சிவிக்கைப் பற்றி அப்படிச் சொன்ன டெட்ராய்ட் தலைவர் எவரையும் எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் நம்பிக்கை. கொஞ்சம்தான்.

கார் வாங்கும் யோசனை: இப்போது தர வித்தியாசம் பழைய மாதிரி இல்லை, பெரும்பாலும் மாடலைப் பொறுத்தது. எதுவானாலும் டீலரிடம் போனதும் கதவை இருபது தடவை திறந்து மூடிப் பாருங்கள். கீல் என் தொழில், அதனால் சொல்கிறேன். என் வீட்டில் ஒன்று ஃபோர்டு, ஒன்று அக்கார்ட். அக்கார்டின் பின்கதவுக் கீல் அந்தக் காலத்தில் எங்கள் கடையில் அடித்தது.

பனிக்குப் புதுசு எழுதியது:

சார், ஒரு விஷயம். நாலு சக்கரம் சொன்ன மாதிரி எங்கள் கரோலாவின் வின் எண்ணைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடி மேல் இருந்த பனியைச் சுரண்ட வேண்டியிருந்தது. 1-ல் ஆரம்பிக்கிறது. ஜே இல்லை. அடுத்த எழுத்து என், அப்புறம் எக்ஸ்.

பழைய பிரஸ் ஆள் எழுதியது:

2009 கரோலா, 1-ல் ஆரம்பமா? அது ஃப்ரீமாண்ட் வண்டி தம்பி. நம்மி. யுஏடபிள்யூ ஆட்கள் செய்தது. அடுத்த வருடம் 2010-ல் அந்த ஆலையை மூடினார்கள், இப்போது டெஸ்லா அங்கே இருக்கிறது. அந்தக் காரை விற்காதீர்கள் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் 16 உப்புக் குளிர்காலம் தாண்டியிருந்தால் முதலில் அடியில் குனிந்து பாருங்கள்.

நாலு சக்கரம் எழுதியது:

நான்தான் முதலில் நம்பரைப் பார்க்கச் சொன்னேன். பதிவில் இருக்கட்டும்.

பனிக்குப் புதுசு எழுதியது:

அடியில் பார்த்தேன். முதல் பத்து வருடம் டெக்சாஸில் ஓடிய வண்டி, அதனால் துரு அதிகம் இல்லை.

நேற்று மறுபடி பனி. பெரியவர் மெஷினோடு வந்தார். இந்தத் தடவை நான் மண்வெட்டியோடு முன்னாலேயே நின்றேன். கரோலாவைக் காட்டி, இது கலிபோர்னியாவில் உங்கள் யூனியன் ஆட்கள் செய்தது என்றேன். நம்பவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியோரம் குனிந்து நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஜிஎம் ஃப்ரீமாண்ட்டில் அவருடைய மச்சான் வேலை பார்த்தாராம். 1982-ல் மூடியபோது இங்கே திரும்பி வந்துவிட்டாராம், மறுபடி திறந்தபோது போகவில்லையாம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருடைய பிக்கப் பக்கத்திலேயே நின்றது. அதன் முதல் எழுத்து என்னவென்று எட்டிப் பார்க்க ஆசை. பார்க்கவில்லை. வாசலைத் தள்ளிக் கொடுத்த மனிதர்.

கேம்ரியா வேறா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. சனிக்கிழமை இரண்டு டீலரிடம் போகிறோம், கதவைத் திறந்து மூடிப் பார்க்க.